சிசிலி ஆமென் சொன்ன புத்தகம்

பிலோமியின் வீட்டில் மொத்தமே இரண்டு புத்தகங்கள். ஒன்று ஜெபப் புத்தகம். மற்றது ஜெபப் புத்தகம் போலத் தெரிகிற புத்தகம். இரண்டுக்கும் ஒரே கறுப்பு ரெக்சின் அட்டை, ஏறக்குறைய ஒரே தடிமன். தள்ளி நின்று பார்த்தால் அவள் புருஷன் பாஸ்கலுக்கு எது எதுவென்று தெரியாது. கையில் கொடுத்தாலும் தெரியாது. அந்த மனிதன் எந்தக் காலத்தில் புத்தகத்தைத் திறந்தான்?

மூணாற்றிலிருந்து மறையூர் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள் பிலோமி. வயது ஐம்பத்தொன்று, படிப்பு எட்டாம் வகுப்பு. லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். நான்காவது அவர்களுடையது. கத்திரி பிடித்துக் காய்த்துப்போன கை, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு என்று பார்க்க மற்ற பெண்களைப் போலத்தான் இருப்பாள். ஆனால் கத்திரி ஓடும்போது அவள் உதடும் சேர்ந்து ஓடும். ஜெபமாலை சொல்கிறாள், நல்ல பக்தியுள்ள பெண் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லிக்கொண்டிருந்தது கவிதை.

அந்தக் கவிதைப் புத்தகம் வீட்டுக்குள் வந்ததே அடுப்பு பற்றவைக்கத்தான். காந்தலூரில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற ஒரு காட்டேஜில் பாஸ்கல் காவலும் தோட்ட வேலையும் பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே தங்கிய யாரோ புத்தகத்தை ஆப்பிள் மரத்தடி பெஞ்சில் மறந்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் மழையில் ஊறி அட்டையும் முன் தாள்களும் கூழாகிவிட்டன. மிச்சத்தை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, "காஞ்சா அடுப்புக்கு ஆகும்" என்று விறகுக்குப் பக்கத்தில் வைத்தான் பாஸ்கல். பிலோமியும் காய வைக்கத்தான் எடுத்தாள். தாளைப் பிரிக்கிறபோது கண் சும்மா இருக்குமா? நான்கே வரி.

உன் செருப்பு
வாசலில் இல்லாத நாளில்
இந்த வீட்டுக்கு
வாசல் மட்டும்தான் இருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் புருஷன் செருப்பு இல்லாத வீட்டில் நின்றுகொண்டு அதைப் படித்தவளுக்கு, உலை வைக்க மறந்துபோயிற்று. முன்பின் தெரியாத யாரோ தன் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது மாதிரி வெட்கம் வேறு. அடுப்புக்குப் போக வேண்டிய புத்தகத்தை அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, தாள் தாளாக நாலு நாள் காயப்போட்டாள். ஊசி நூலால் சேர்த்துத் தைத்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஆரம்பித்துத் தொண்ணூற்றாறில் முடிகிற புத்தகம். எழுதியவர் பெயர் மழையோடு போய்விட்டது. புகை வாசம் மட்டும் போகவே இல்லை.

முதல் மாதம் பேராசைக்காரிபோல ஒரே மூச்சில் படித்துத் தீர்த்தாள். அதற்குப் பிறகுதான் உண்மையான படிப்பே ஆரம்பித்தது. காலையில் மலை ஏறும்போது நினைத்துக்கொள்ள ஒன்றைப் படித்துவிட்டுப் போவாள். அடுத்த வரி என்னவென்று நன்றாகத் தெரியும், தெரிந்தும் அது வருவதற்காகக் காத்திருப்பாள். மறையூர் பஸ்ஸில் போகும்போது ஒரு வளைவில் சட்டென்று பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த வளைவு வந்தால் தலை தானாகத் திரும்பும். அப்படி ஒரு சந்தோஷம். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டயத்தில் நர்சிங் படிக்கப் போன மகள் டின்டு மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"ஏம்மா, படிச்சு முடிச்சாச்சுல்ல? இன்னும் அதுல என்னம்மா இருக்கு?"

"மீன் கொழம்பு போன வாரமே சாப்பிட்டாச்சேன்னு இந்த வாரம் வேண்டாங்கியா நீ?" என்றாள் பிலோமி.

டின்டு தன் போனில் நாலு வரியை அடித்துத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிலோமிக்கு உள்ளூர நிம்மதி. பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஆள் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். இப்போது பாருங்கள், ஒரு கவிதையில் உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்ப்பது வரும்போது இது நிச்சயமாகப் பெண்தான் என்பாள். நாலு பக்கம் தள்ளி, சவரம் செய்த மறுநாள் தாடையைத் தடவுவது வரும்போது அட, ஆணா என்பாள். பன்னிரண்டு வருஷமாக இந்த வழக்கு தீரவில்லை. தீர அவள் விடவும் இல்லை.

டின்டு கோட்டயத்துக்குப் போன வாரத்தில் இன்னொன்று நடந்தது. யாரும் ஏறாத ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது, இவ்வளவுதான் ஒரு கவிதை. பிலோமி அதை உப்புச் சப்பில்லாதது என்று ஒதுக்கி வைத்திருந்தாள். மகள் போன மூன்றாம் நாள் அது கண்ணில் பட்டது, அழுதுவிட்டாள். வேறு பக்கத்தைப் பார்த்துவிட்டோமோ என்று பக்க எண்ணைக்கூடச் சரிபார்த்தாள். அதே தாள், அதே ஏணி. அன்றிலிருந்து பிடிக்காத கவிதைகளையும் கொஞ்சம் மரியாதையோடு நடத்தினாள். ஒன்றைத் தவிர. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் துணி தைப்பது பற்றி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டனும் கிழிசலும் தைக்கிறவளுக்கு இதைப் படிக்க வேறு வேண்டுமா என்று தாண்டிப் போய்விடுவாள்.

இனி கறுப்பு அட்டைக்கு வரவேண்டும். அதற்குக் காரணம் சிசிலி.

சிசிலி பாஸ்கலின் அக்கா, பிலோமிக்கு மைனி. தாய் தகப்பன் சீக்கிரம் போய்ச் சேர, கல்யாணமே கட்டாமல் தம்பியை வளர்த்தவள். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்று, தம்பி வீட்டு முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து லயம் முழுவதையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாது. வாய்க்குக் குறைவில்லை. பிலோமி முதல் நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தபோதே கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னது அது, கதைப் பொஸ்தகமா? பாத்திரம் அங்க கெடக்கு, பவுசு இங்க கெடக்கு!"

அந்த வாரம் பக்கத்து லயத்து ஷிஜு தன் ஜீப்பின் சீட்டுக்குப் புது உறை போட்டான். மிஞ்சிய கறுப்பு ரெக்சினில் பாஸ்கல் ஜெபப் புத்தகத்துக்கு அட்டை போட்டான். அதிலும் மிஞ்சியதை எடுத்து, பிலோமி சத்தமில்லாமல் மற்றதற்கும் போட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் கறுப்பு அட்டையைத் திறந்து, சற்றுப் பயத்தோடு, வாய்விட்டே படித்தாள். கட்டிலில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் சிசிலி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கை கூப்பி உட்கார்ந்திருக்கிறாள். செருப்புக் கவிதை முடிந்ததும் கணீரென்று, "ஆமென்."

பிலோமி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரிப்பு அடங்கியதும் பயம் பிடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனாள். ஃபாதர் முன்னால் முழந்தாளிட்டபோது இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அப்படியே வருஷங்கள் ஓடின. ஜெபமாலை, பிறகு ஜெபப் புத்தகம், பிறகு மற்றது. ஒவ்வொரு கவிதை முடிவிலும் சிசிலியின் ஆமென். போகப்போக அந்த ஆமென் இல்லாமல் ஒரு கவிதை முடிந்ததாகவே பிலோமிக்குத் தோன்றவில்லை. சிசிலி விருப்பம் கேட்கவும் ஆரம்பித்தாள்.

"அந்த மழ ஜெபத்தப் படி பிலோமி."

நாற்பத்தேழாம் பக்கம்.

மழை விட்ட பிறகும்
கூரை பேசிக்கொண்டிருக்கிறது.
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே
பெரிய ஆறுதல்.

"இத எழுதுன புண்ணியவான் தகரக் கூரைக்குக் கீழதான் இருந்திருக்கணும்" என்பாள் சிசிலி. "இன்னொருக்கப் படி." பிலோமி இன்னொருமுறை படிப்பாள். வாயாடி என்று லயமே பெயர் வைத்த மனுஷி, பதில் சொல்ல வேண்டாம் என்கிற வரியில் கண்ணை மூடிக்கொள்வாள். இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று பிலோமிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம் சிசிலிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆசுபத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாளே எல்லோர் முன்னாலும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏ பாஸ்கல், பிலோமி தெனம் எனக்குப் படிப்பால்லா, அந்தக் கறுப்புப் பொஸ்தகம். என் பெட்டியில அத வச்சிரணும். மறந்துராத."

அந்த லயத்துக் கிறிஸ்தவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் தினமும் ஜெபித்த புத்தகத்தையும் ஜெபமாலையையும் கையோடு வைத்துத்தான் பெட்டியை மூடுவார்கள். பாஸ்கல் தலையாட்டினான்.

உலகத்தில் தனக்கென்று பிலோமி வைத்திருந்தது அந்த ஒரு பொருள்தான். தொலைந்தால் கடையில் பெயர் சொல்லிக் கேட்கக்கூட முடியாது, பெயரே இல்லையே. அடுத்த மூன்று வாரமும் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினாள். மைனி கேட்டது ஜெபப் புத்தகம். ஜெபப் புத்தகம் என்று நினைத்துத்தான் கேட்டார்கள். அப்படியானால் நிஜமான ஜெபப் புத்தகத்தை வைப்பதுதானே நியாயம்? கர்த்தர் முன்னால் போய்ச் செருப்புக் கவிதையோடா நிற்பார்கள்? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மழைக் கவிதையைப் படிக்கும்போதெல்லாம் சிசிலியின் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சிசிலி போய்விட்டாள். மறுநாள் மதியம் அடக்கம். கோயில் மூன்று கிலோமீட்டர் கீழே. அடைமழை. ஷிஜுவின் ஜீப் வாசலில் நின்றது, மழை விடுகிற நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தூறல் குறைந்ததும் பாஸ்கல் சொன்னான்.

"பிலோமி, அக்கா கேட்ட பொஸ்தகத்த எடுத்துட்டு வா."

அவள் உள்ளே போனாள். அலமாரியில் இரண்டு கறுப்பு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்து சிசிலியின் கைகளுக்குக் கீழே வைத்தாள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பாஸ்கல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பெட்டியின் தலைமாட்டில் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வீட்டுக்காரி. சிசிலியோடு முப்பத்தெட்டு வருஷமும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள். வீட்டில் முருகனைக் கும்பிடுகிறவள் என்றாலும் சாயங்கால வேளையில் சிசிலியின் கட்டில் ஓரத்தில்தான் இருப்பாள். அவள் சிநேகிதியின் ஜெபமாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். நிமிர்ந்து பிலோமியைப் பார்த்தாள். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவ கேட்டது இந்தப் பொஸ்தகம் இல்லயே பிலோமி."

"ஜெபப் பொஸ்தகந்தானக்கா கேட்டாங்க?"

"பொக வாசம் அடிக்கிற பொஸ்தகத்தக் கேட்டா. இதுல வாசமே இல்ல."

யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று பிலோமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மொதல் நாளே அவளுக்குத் தெரியும்" என்றாள் அழகுத்தாய் தணிந்த குரலில். "எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. 'ரெண்டும் ஒரே கறுப்புதான், ஒண்ணுல அடுப்பு வாசம் வருது. அதுல ஒரு எடத்துலகூட பாவி பாவின்னு வரல, அது எப்படி ஜெபமாகும்? ஜெபம் படிக்கையில இவ ஓடுறா, இதப் படிக்கையில நின்னு நின்னு போறா'ன்னு சொல்லுவா. தெரிஞ்சும் ஏன்டி கேக்கலன்னேன். 'கேட்டா வெக்கப்பட்டு நிப்பாட்டிருவா, அப்புறம் எனக்கு யாரு படிப்பா'ன்னா."

வெளியே பாஸ்கல் கூப்பிட்டான். மறுபடி மேகம் கூடுகிறது, சீக்கிரம் என்றான் ஷிஜு.

பிலோமி அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். கொடுத்துவிட வேண்டும், இதை விட நியாயமாகக் கேட்கப்பட்ட பொருள் வேறில்லை. இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடி வரவில்லை. செருப்பு, ஏணி, உப்பு ஜாடி எல்லாமே அந்த நிமிஷம் அவள் கையில் கனத்தன. மைனிமேல் இருந்த பாசம் பொய்யில்லை. அதற்கு மேல் தன்னால் முடியவில்லை என்பதும் பொய்யில்லை. தன்னை நினைத்து அவளுக்கே கேவலமாக இருந்தது. சட்டென்று நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, தையலோடு ஒட்டிப் பிடித்துக் கிழித்தாள். தாளை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்து, சிசிலியின் விரல்களுக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் செருகினாள். அழகுத்தாய் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "சரி, மூடுங்க" என்றாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பிலோமி புத்தகத்தை எடுத்தாள். நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தொன்பது. நாற்பத்தேழு போனதில் அவளுக்குக் கவலையில்லை, அது நாக்கிலேயே இருக்கிறது. தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருந்ததே, அது அப்போதுதான் உறைத்தது. தைக்கிற கவிதை. அத்தனை வருஷமும் தாண்டித் தாண்டிப் போனது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் இவ்வளவுதான் வந்தது:

தைத்த இடத்தை
யாரும் பார்ப்பதில்லை.
ஆனாலும்

அதோடு நின்றுவிட்டது. ஆனாலும் என்ன? மலையில் கத்திரி ஓட்டும்போது யோசித்தாள். பட்டன் தைக்கும்போது யோசித்தாள். டின்டு மறுபடி போனில் தேடிப் பார்த்துக் கையை விரித்தாள். கையில் இருக்கிற அத்தனை கவிதையையும் விட்டுவிட்டு, இல்லாத அந்த ஒன்றின் மேல்தான் மனசு போய் விழுந்தது. நாலே நாலு தரம் ஒழுங்காகப் படித்திருந்தால் போதுமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கவலை தாங்காமல் ஒருநாள் அழகுத்தாயிடம் சொன்னாள்.

"பின்பக்கம் என்னன்னு பாக்காமக் குடுத்துட்டேன்க்கா."

"அத விடு" என்றாள் அழகுத்தாய். "அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே. அந்தத் தாள அவளுக்கு அங்க யாரு படிச்சுச் சொல்லுவா? நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு லயத்துச் சனமெல்லாம் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கீழே இறங்கியது. அழகுத்தாயும் வந்தாள். பாஸ்கல் அக்காவின் குழிமேட்டில் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, செவந்திப் பூ தூவி, காற்றுக்கு மறைத்து மெழுகுவர்த்தி ஏற்றினான். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். பிலோமி பையிலிருந்து கறுப்புப் புத்தகத்தை எடுத்தாள். நாற்பத்தாறாம் பக்கத்துக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவில், கிழித்த இடத்தில் விரலை வைத்துத் திறந்து பிடித்துக்கொண்டாள். இல்லாத தாளைப் பார்த்தபடி மழைக் கவிதையைச் சொன்னாள், அவசரமில்லாமல், நின்று நின்று. இன்னொருமுறை சொன்னாள், ஏனென்றால் சிசிலி எப்போதும் இன்னொருமுறை கேட்பாள்.

பிறகு பின்பக்கத்துக்கு வந்தாள்.

"தைத்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும்…"

அதற்கு மேல் இல்லை.

"மிச்சம் உங்ககிட்டதான் இருக்கு மைனி" என்றாள்.

பழக்க தோஷத்தில் காது ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. எங்கிருந்தும் வரவில்லை. பக்கத்தில், மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முழந்தாளிட்டிருந்த பாஸ்கல், ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமென்" என்றான்.

அழகுத்தாய் பிலோமியைப் பார்த்தாள். பிலோமி புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.